குடம் சுமக்கும் பூனை

எங்கள் நகரின் குடிநீர் ஆபீஸில் புகார் கொடுக்க, நான் உருவாக்கிய செல்போன் விளையாட்டில் முதலில் ஜெயிக்க வேண்டும். இடுப்பில் குடத்தோடு ஒரு பூனை ஏணிகளில் குதித்து ஐந்து மாடி ஏறி, தொட்டியில் தண்ணீர் ஊற்றினால்தான் புகார்ப் படிவம் திறக்கும்.

“புகார் பாதியா குறையணும் தாட்சாயணி. இல்லேன்னா உன் கான்ட்ராக்ட் அவ்வளவுதான்” என்றார் இன்ஜினியர் கோமதிநாயகம்.

ஒரே மாதத்தில் புகார் மூன்று மடங்கானது. தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்களும் விளையாடினார்கள். ஜெயித்த ஜோரில் எதையாவது எழுதிப் போட்டார்கள். ‘தண்ணீர் ரொம்ப ஈரமாக இருக்கிறது’ என்றுகூட ஒரு புகார்.

“இனி எவனும் ஜெயிக்கக் கூடாது!” என்று கத்தினார் இன்ஜினியர். நான்காம் மாடிக்கு மேலே இருந்த ஏணியை அவருக்கும் சொல்லாமல் அழித்துவிட்டேன். புகார் அடியோடு நின்றது. எனக்கு மைசூர்பா வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் என் வீட்டுக் குழாயில் வெறும் காற்று வந்தது. தலையில் ஷாம்பு நுரையோடு அவருக்கு போன் போட்டேன்.

“சார், தண்ணி வரலை. ஆள் அனுப்புங்க.”

“புகார் இல்லாம ஒருத்தனும் வர மாட்டான்மா. என் வீட்லயும் மூணு நாளா வரலை. நானும் விடியக்காலையிலிருந்து குதிச்சுக்கிட்டுதான் இருக்கேன்” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “நாலாம் மாடிக்கு மேல எப்படிம்மா ஏறறது?”