முட்டுக்கட்டை எழுந்து வந்தார்

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாரா?" என்று கேட்டாள் பக்கத்து மேஜைத் தோழி.

"அனுப்பாம? அந்த மனுஷன் எதைத்தான் லேசுல சரின்னு சொல்லியிருக்கார்!"

அலுவலகத்தில் அவருக்கு முட்டுக்கட்டை என்று பெயர். உட்கார்ந்த இடத்தை விட்டு எழ மாட்டார். சிரிக்க மாட்டார். யார் எழுதிய புரோகிராமாக இருந்தாலும், மேலாளரும் அவரும் படித்து 'சரி' போட்டால்தான் கம்பெனியின் சிஸ்டத்துக்குள் போகும். மேலாளர் உடனே போட்டுவிடுவார். இவர் கேள்வி மேல் கேள்வி கேட்பார். அதையும் கம்ப்யூட்டரில், ஊரே படிக்கிற மாதிரி எழுதி வைப்பார். மானம் போகும்.

அவளுக்குக் கொடுத்திருந்ததும் லேசுப்பட்ட வேலை இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமடியில் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசி முடித்ததும் இணைப்பை மூடுவது அதன் பொறுப்பு. அந்தப் பகுதியைப் பல பேர் பல காலத்தில் எழுதி, தலை எது வால் எது என்று தெரியாமல் கிடந்தது. அதைப் பிரித்து ஒழுங்குபடுத்த வேண்டும். இன்று ஐந்து மணிக்குள் உள்ளே போனால் அவள் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நேராக அவர் மேஜைக்கே போனாள்.

"சோதனையெல்லாம் தேறிடுச்சு சார். இன்னும் என்ன குறை?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இணைப்பை மூடின கையோட மெமரியில அதுக்கான இடத்தையும் காலி பண்ணிடறீங்க. அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து மிச்சம் மீதித் தகவல் ஏதாவது வந்தா?"

"வராது சார்."

"வந்தா?"

"எப்பவாவது... லட்சத்துல ஒரு தடவை வரலாம்."

"அந்த ஒரு தடவை மெஷினே படுத்துடும். அது ஆஸ்பத்திரி மெஷினா இருந்தா யாருங்க பதில் சொல்றது? எதிர்ப்பக்கமும் முடிச்சாச்சான்னு பார்த்துட்டு அப்புறமா காலி பண்ணுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எரிச்சல் இரட்டிப்பானது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் வீட்டிலிருந்து போன். இவளுக்காகத் தன் வேலையை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்த கணவன்.

"பள்ளிக்கூடத்துல இன்னைக்கே பதில் சொல்லணுமாம். பாப்பாவைச் சேர்க்கவா, வேண்டாமா?"

"சாயங்காலம் சொல்றேங்க. இப்ப எதுவும் கேட்காதீங்க."

போனை வைத்துவிட்டு, அவர் கேட்ட வரிகளை வேகமாகத் தட்ட ஆரம்பித்தாள். புரோகிராமுக்கு நடுவே மனிதர்கள் படிப்பதற்காகக் குறிப்பு எழுதுவது வழக்கம். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. ஆத்திரம் தீர அவளும் ஒன்று எழுதினாள்:

'ஒரு கல்நெஞ்சுக்காரருக்குப் பயந்து சேர்த்த வரிகள். இவரோடு வீட்டில் எப்படித்தான் குப்பை கொட்டுகிறார்களோ, பாவம்!'

அனுப்புவதற்கு முன்னால் அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

"ஏய், மணி அஞ்சாகப்போகுது!" என்று தோழி கத்தினாள். பதறிப்போய் அனுப்பிவிட்டாள்.

தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் மேலாளர் வந்து நின்றார். வாயெல்லாம் பல்.

"அடடா, வரி விடாமப் படிச்சேன்மா! முத்து முத்தா எழுதியிருக்கே. நான் 'சரி' போட்டாச்சு. அந்த முட்டுக்கட்டையும் போட்டுட்டா வேலை முடிஞ்சது. மனுஷனைப் புரிஞ்சுக்கிட்டு வேலை வாங்கத் தெரியணும்மா, அவருக்கு அது வராது."

தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

அழிக்க மறந்த குறிப்பில் கல்நெஞ்சுக்காரர் அங்கேயே இருந்தார்.

போன வருஷம் ஒருவன் இதைவிடச் சின்னதாக ஒரு கிண்டல் எழுதி வேலையைப் பறிகொடுத்தான். இனி பாப்பாவுக்குப் பள்ளிக்கூடமாவது, மண்ணாவது!

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. முட்டுக்கட்டை எழுந்துவிட்டார். அந்த அறையில் அதை யாரும் பார்த்ததே இல்லை. தட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. அவர் நேராக இவள் மேஜைக்குத்தான் வந்தார்.

"சார்..." என்று எழுந்து நின்றாள்.

அவர் குனிந்து, இவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"மூடற பகுதி சரியா இருக்கு. நல்லாவே பண்ணியிருக்கீங்க. நடுவுல இருக்கற அந்தக் குறிப்பை மட்டும் எடுத்துட்டு மறுபடி அனுப்புங்க. கம்ப்யூட்டர்ல எழுதினா எல்லாரும் தேடிப் படிச்சுடுவாங்க. அதான் நேர்ல வந்தேன்."

"மன்னிச்சுடுங்க சார். ஏதோ கோபத்துல..."

"விடுங்க. எங்க வீட்டுலயும் இதே புகார்தான்."

அவளுக்குக் கண்ணீர் முட்டியது. "அஞ்சு மணி தாண்டிட்டா?"

"நான் 'சரி' போடற வரைக்கும் யாரும் வாசலைச் சாத்த முடியாது. நிதானமா அனுப்புங்க. மேலாளர் ஏதாவது சொன்னாரா?"

"வரி விடாமப் படிச்சேன், முத்து முத்தா இருக்குன்னு சொன்னார் சார்."

முட்டுக்கட்டை முதல் தடவையாகச் சிரித்தார்.

"அப்பப் பயமே இல்லை. என்னைத் தவிர வேற யாரும் உங்களைப் படிக்கலை."