எங்கள் வீட்டு டவர்

தரையில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்புக்கு இந்தப் பக்கம் சுண்டு உட்கார்ந்திருந்தாள். சீருடை போட்டாயிற்று. கையில் என் போன்.

அந்தப் பக்கம் என் அக்காவின் அறை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே அக்கா தன் போனைக் காதில் வைத்திருந்தாள்.

தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஒரு மரக்கதவுதான். அக்காவின் குரல் கதவு வழியாக ஒருமுறையும், சற்றுப் பிந்திப் போன் வழியாக மறுமுறையும் வந்தது.

கழுத்திலிருந்த புற்றுநோய்க் கட்டியை அறுத்து எடுத்த பிறகு, மிச்சம் மீதியை அழிக்க அக்காவுக்குக் கதிர்வீச்சு மருந்து கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு மாத்திரை. அது உள்ளே இருக்கும்வரை உடம்பிலிருந்து கதிர் வரும், குழந்தையைக் கிட்டே விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சுண்டு இதைப் பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பிவிட்டாள். அவள் வகுப்பில் அக்காவுக்குப் பெயரே 'டவர்'.

"அம்மா, உன் கதிர் போன் வழியா வராதா?"

"வராதுடி. போன்ல வர்ற கதிர் வேற. அதுல என் பேச்சு மட்டும்தான் வரும்."

"அப்ப நான் எப்ப உள்ள வரலாம்?"



"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்காம். டாக்டர் சொல்லிட்டாரு."

போன வாரமாக இருந்தால் இந்தப் பதிலுக்கு வீடு ரெண்டுபட்டிருக்கும். டேப்பின் மேலேயே விழுந்து புரண்டிருப்பாள்.

இன்று "சரி" என்றாள்.

போனை என்னிடம் நீட்டிவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"பின்னி விடு சித்தி. மெதுவா. உன்னோடது கை இல்ல, இடுக்கி."

பின்னி முடித்தேன். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. ஓடினாள். கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு டேப்பைத் தாண்டினேன். உள்ளே போய், அக்காவின் கட்டிலிலேயே அவள் தோளை ஒட்டி உட்கார்ந்தேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் ஒருவர் அக்காவின் கழுத்திலும் நெஞ்சிலும் மீட்டரைப் பிடித்துப் பார்த்தார். முள் அசையவே இல்லை. கதிர் சுத்தமாகப் போய்விட்டது என்றார். சந்தோஷத்தில் நான் அங்கேயே சிரித்துவிட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது என்று ஸ்கேன் படத்தைக் காட்டினார். அந்த நோய் மருந்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளவே இல்லை. கொடுத்த மருந்து கொடுத்தபடியே உடம்பை விட்டு வெளியேறிவிட்டது. வேறு மருந்து எதுவும் அவர் சொல்லவில்லை.

வண்டியில் திரும்பும்போது அக்கா சொன்னாள். "டேப்ப எடுத்துடாத."

"பைத்தியமாக்கா உனக்கு? இருக்கிற வரைக்குமாவது அவளக் கட்டிப் பிடிச்சுக்கோயேன்."

"நான் இருக்கும்போதே பழகிக்கட்டும்டி. அழுதா, கதவுக்குப் பின்னாடியிருந்தாவது பேசுவேன். அப்புறம் யாரு பேசுவா?"

இப்போது தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுண்டு பழகிவிட்டாளா என்றுதான் விசாரித்தாள்.

"ராத்திரி தூங்குனாளா?"

அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டால்தான் சுண்டுவுக்குத் தூக்கம் வரும். கைக்குழந்தையிலிருந்தே அப்படி. மாத்திரை போட்ட நாளிலிருந்து என் பக்கத்தில் விசும்பிக்கொண்டே கிடந்தாள்.

"தூங்கிட்டாக்கா. என் காதப் பிடிச்சுக்கிட்டா. அப்படியே தூங்கிட்டா."

அக்கா தலையாட்டினாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"எந்தக் காது?"

இடது காதைக் காட்டினேன்.

இரண்டு விரலால் அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.