அண்ணை வேண்டாம்

“நாங்கள் இப்பிடிச் சுத்துறது உங்கட மனுசிக்குத் தெரியுமோ, அண்ணை?” பின் சீட்டிலிருந்து மிதித்துக்கொண்டே கேட்டாள் தனலட்சுமி.

“அவவுக்கு ஒண்டும் தெரியாது,” என்றார் தவச்செல்வன்.

“பாவம் அவ.”

“ஓம், பாவம்தான்.”

இருவர் மிதிக்கும் சைக்கிள். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுத் தார் போட்ட பழைய ரயில் பாதை. சுவிஸ் கோடையில் இரவுச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வெளிச்சம் போவதில்லை என்பதால் ஊர்ச் சனம் முழுக்க அங்கேதான். எதிரே வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று இவர்களைக் கண்டதும் தங்களுக்குள் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டு போனது.

அறுபது வயதில் இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. அவள் வாயிலிருந்து அந்த ‘அண்ணை’ போக வேண்டும்.

ஒரு பெண் ‘அண்ணை’ என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் ஆணுக்கு அங்கே என்ன வேலை? யாழ்ப்பாணத்துப் பெண் புருசனைக் கூப்பிடுவதுபோல் ஒருமுறையாவது ‘இஞ்சாருங்கோ’ என்று அவள் கூப்பிட மாட்டாளா என்று ஏங்கினார். அதற்காகத்தான் வேலைக் களைப்போடும் தினமும் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

ஒரு காலத்தில் ரயில் நின்ற மேடையில் இப்போது ஐஸ்கிரீம் கடை. அங்கே நிறுத்தினார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றும்போது வார் மாட்டிவிடாதபடி அவர் விரல் தானாகவே தாலிக்கொடியை ஒதுக்கிவிட்டது. அவள் சட்டென்று தள்ளி நின்றாள்.

“கையை எடுங்கோ. நான் கலியாணம் கட்டினவள்.”

“தெரியும்,” என்றார்.

“என்ர மனுசன் நல்ல வடிவு. சுருட்டைத் தலைமயிர். இதாலைதான் வாறவர்.” அவள் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவச்செல்வன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். வாங்கிய ஐஸ்கிரீம் கையிலேயே உருகியது.

“தனம், என்னை அண்ணை எண்டு கூப்பிடாதையுமன்.”

“வேறை என்னெண்டு கூப்பிடுறது? நீங்கள் நல்ல மனுசர். ஆனா அவர் கண்டால் பிழையா நினைப்பார். என்னைக் கொண்டுபோய் வீட்டை விடுங்கோ, அண்ணை.”

திரும்பும் வழியில் அவர் வேகமாக மிதித்தார். கண் கலங்கியது அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்துக்கொண்டு வந்தது அவருடைய முதுகை.

வீட்டு வாசலில் சுருட்டைத் தலையோடு ஓர் இளைஞன் நின்றான். எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் ஹோட்டல் வேலை, லீவில் வந்திருந்தான். தோளிலிருந்து பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

அவனைக் கண்டதும் தனலட்சுமியின் முகம் மலர்ந்தது. சைக்கிளை விட்டு இறங்கி ஓடினாள்.

“இஞ்சாருங்கோ! இவ்வளவு நேரமும் எங்கை போனனீங்கள்?”

தவச்செல்வன் எத்தனையோ நாளாகக் கேட்கத் தவித்த சொல். சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

இளைஞன் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“அம்மா, திரும்பவும் மறந்திட்டீங்களே? நான் உங்கட மகன். அப்பா அங்கை நிக்கிறார்.”