எட்டு வாங்கியவர்

"அவர் குளிச்சிட்டு இருக்காரும்மா. என்ன வேணுமோ என்கிட்ட கேளுங்க" என்றார் போனில் அந்த அம்மாள்.

நலமா அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சிறுநீரகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்களை வருடத்துக்கு ஒருமுறை போனில் விசாரித்து எழுதுவது, ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் அவளுக்கு வேலை. எடுத்ததும் "நலமா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அடையாள அட்டையில் மட்டும்தான் இன்னும் ஏறவில்லை.

எதிர் நாற்காலியில் அவளுடைய தம்பி. ஆறு வாரத்துக்கு முன் அவனுக்கும் இடது சிறுநீரகத்தை எடுத்தாகிவிட்டது. தையல் இழுக்காமல் இருக்க விலாவில் கையை வைத்துக்கொண்டு, அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர்கள் ஒரு மதிப்பெண் போடுவார்கள். கட்டி எவ்வளவு பெரிது, ரத்தக்குழாய்க்குள் புகுந்ததா, நெறிக்கட்டில் பரவியதா, மைக்ரோஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு கோணல்மாணல் என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை. குறைவாக வாங்குகிறவன்தான் பாஸ். தம்பி வாங்கியிருந்தது எட்டு.

எட்டு என்றால் என்னவென்று அக்காவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எட்டு வாங்கியவர்களின் ஃபைல்களை ஒவ்வொன்றாக மூடிக் கட்டியது அவள் கைதான். இன்னும் மூடாமல் இருந்தது ஒன்றே ஒன்று, இந்த அம்மாளின் கணவருடையது.

அதே எட்டு, அதே இடது பக்கம், தம்பியைவிட நாலே வயது பெரியவர். மதிப்பெண் தெரிந்த நாளிலிருந்து தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த தம்பியை எழுப்பி உட்கார வைத்தது அந்த மனுஷன்தான். பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் வீட்டில் அவர் 'எட்டுக்காரர்'. எட்டுக்காரர் தினமும் நடக்கிறாராம் என்பாள், தம்பி தெருமுனை வரை போய் வருவான். எட்டுக்காரர் வயிறாரச் சாப்பிடுகிறாராம் என்பாள், முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வான்.

"எடை எவ்வளவு இருக்காரும்மா?"

"அறுபத்தொண்ணு."

போன வருடமும் அறுபத்தொன்று. அதற்கு முந்தைய வருடங்களிலும் அதேதான். முதல் வருடம் அவரே போனில் பேசியபோது சொன்னதும் அறுபத்தொன்றுதான். நோய் திரும்பினால் முதலில் கரைவது உடம்பு, இவரோ இம்மிகூடக் குறையவில்லை. அக்கா, அவர் பெயரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு படிவத்தைத் தம்பி பக்கம் திருப்பிக் காட்டினாள்.

இருமல் உண்டா, எலும்பில் வலி உண்டா என்று மீதியையும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. வெளியூர்க்காரர், ஸ்கேனெல்லாம் அங்கேயே எடுத்துக்கொள்கிறவர். இப்படிப்பட்டவர்களுக்கு வீட்டில் யார் பதில் சொன்னாலும் எழுதிக்கொள்ளலாம் என்பது ஆஸ்பத்திரி விதி.

"அவ்வளவுதாம்மா. அஞ்சு வருஷம் முடிஞ்சுது. இனிமே போன் பண்ணித் தொந்தரவு பண்ண மாட்டோம்."

"இனிமே கேக்கவே மாட்டீங்களா?" என்றார் அந்த அம்மாள்.

தம்பி போனைக் காட்டிச் சைகை செய்தான். ஒரே ஒரு நிமிஷம், அவர் குரலைக் கேட்டால் போதும் என்று காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தான். விதியாவது ஒன்றாவது என்று அக்காவும் துணிந்துவிட்டாள். தன் தம்பிக்கும் அதே மதிப்பெண் என்பதையும், அவரை நம்பித்தான் அவன் சோற்றில் கை வைக்கிறான் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"குளிச்சிட்டு வரட்டும்மா, நான் லைன்லயே இருக்கேன். ரெண்டு வார்த்தை பேசினாப் போதும்."

அந்த அம்மாள் அழுகிறார் என்று புரிய அக்காவுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"என்னை மன்னிச்சிடும்மா. அவர் போய் மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் அழுவேன்னு வீட்டுல யாருமே அவர் பேச்சை எடுக்கறதில்ல. நீங்க ஒருத்தர்தான் அவர் சாப்பிடறாரா, தூங்கறாரான்னு கேட்டீங்க. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அக்காவின் பேனா 'உயிருடன்' என்ற கட்டத்தின் மேலேயே நின்றது. காதிலிருந்து ரிசீவரை எடுக்காமல் முகத்தை மட்டும் ஃபைல் அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தம்பி அவள் முழங்கையைத் தொட்டான். "என்னக்கா, வந்துட்டாரா?"

"இன்னும் குளிச்சிட்டுத்தான் இருக்காராம்டா."