காணாமல்போன கடைசிப் பக்கம்

“மயக்க ஊசி போட்டா நான் எழுந்திருக்கவே மாட்டேன் சிஸ்டர்!”

விடிந்தால் வயிற்றில் ஆபரேஷன். புலம்பிய பஸ் டிரைவரிடம் நர்ஸ் ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கொடுத்தாள். நூறு வருடத்துக்கு முன் உண்மையாகவே நடந்த ஒரு கொலையின் கதை.

காலையில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது டிரைவர் கத்தினார்.

“கடைசிப் பக்கத்தைக் காணோம்மா! கொலைகாரன் அந்தச் சமையல்காரன்தானே?”

“ஆண்டவன் புண்ணியத்துல நல்லபடியா வாங்கண்ணா, சொல்றேன்.”

“அது தெரியாம நான் சாக மாட்டேன்!”

மறுநாள் வார்டுக்குத் திரும்பியதும் முதல் வார்த்தை, “யாரு?”

நர்ஸ் தன் கோட்டுப் பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினாள். ‘கொலைகாரன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.’

“அடிப்பாவி!” தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

பக்கம் மறுபடி பைக்குள் போனது. புத்தகம், அடுத்த கட்டிலில் ஆபரேஷனுக்குப் பயந்துகொண்டிருந்தவரிடம் போனது.

டிரைவர் அவர் பக்கம் திரும்பினார்.

“படிங்க தம்பி. அந்தச் சமையல்காரன் மேல மட்டும் ஒரு கண் வெச்சுக்குங்க.”