தொடக்கக் கோடு

மாறுமின்னோட்டப் பாடத்தை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று பிலோமினா டீச்சர் கரும்பலகையில் செங்குத்தாக ஒரு தொடக்கக் கோடு போட்டு, அதிலிருந்து இரண்டு அலைகளை வரைந்தார். சிவப்பு அலையான சைன் பூஜ்ஜியத்திலிருந்து கிளம்பியது. மஞ்சள் அலையான கோசைன் எடுத்த எடுப்பிலேயே உச்சியில் நின்றது.

சைனுக்கு வயிறு எரிந்தது. இரண்டுக்கும் ஒரே உயரம், ஒரே வளைவு. பிறகு எதற்கு இந்த ஓரவஞ்சனை?

"ரொம்பத்தான் நிமிர்ந்து நிக்காதே. கோடு உன் உச்சியில விழுந்துச்சு, அவ்வளவுதான். நீ என்ன ஏறியா வந்தே?" என்று சீறியது.

கோசைன் தலையைக் குனிந்துகொண்டது.

"எங்கேயிருந்து எண்ணத் தொடங்கினாலும் அலை அதேதான்," என்று பிள்ளைகளிடம் சொல்லியபடியே டீச்சர் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, கால் அலை தூரம் வலப்பக்கம் தள்ளிப் போட்டார். இப்போது கோடு சைனின் உச்சியில் விழுந்தது. கோசைன் பூஜ்ஜியத்தில், அதுவும் இறங்குமுகமாக நின்றது.

சைன் கீழே பார்த்தது. அதன் குரலில் திடீரென்று ஒரு கனிவு வந்திருந்தது.

"மனசைத் தளர விடாதே, தம்பி. என்னை மாதிரி உழைச்சா நீயும் மேலே வரலாம்."