மாமன் மடி

திருமங்கலம் தாண்டி, கருப்பசாமி கோயில் வாசலில் வெயில் ஏறுகிறது. அப்பா வீட்டில் அவள் பெயர் ரோகிணி, அம்மா வீட்டில் சைனப். ஏழு வயதுக்காரிக்கு இன்று காதுகுத்து. தாய்மாமன் ஆசிப் தொப்பியோடு மதிலுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்திருக்கிறான். கோயிலுக்குள் வர அவன் மார்க்கம் இடம் தரவில்லை. வராமலிருக்க மனம் கேட்கவில்லை. “மாமன் மொறைக்கு நம்ம சொந்தக்காரப் பய சோணை உக்காரட்டும்ப்பா” என்கிறார் அவள் அப்பா அருள்பாண்டியின் பெரியப்பா. மனைவி ரூபினா இருந்தால் பேசிச் சமாளித்திருப்பாள். அவள் செத்தபின் அருள்பாண்டிக்கு யாரிடமும் வாதாடத் தெம்பில்லை. மகள் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே நடந்து ஆசிப்பின் மடியில் ஏறுகிறாள். “இங்கன வந்து குத்துங்க” என்கிறாள். ஆசாரி அருள்பாண்டியைப் பார்க்கிறார். அவன் தலையசைக்கிறான். ஊசி நெருங்குகிறது. “அல்லான்னு கத்திறாத தாயி, கருப்பு கோவிச்சுக்கும்” என்று சீண்டுகிறார் பெரியப்பா. “ரெண்டு காது இருக்குல்ல தாத்தா, ஆளுக்கு ஒண்ணு.” அருள்பாண்டிக்குச் சிரிப்பு வருகிறது. முகம்தான் அசைய மறுக்கிறது.